ஊர்ல காலி இடம் கிடந்தா, அதை முதல்ல கேட்கிற உரிமை யாருக்கு?

1/
நெமிலிச்சேரின்னு சொன்னதும் பாதிப் பேர் குரோம்பேட்டை பக்கம் இருக்கிற நெமிலிச்சேரியைத்தான் நினைப்பாங்க. நான் சொல்றது பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் நடுவுல இருக்கிற நெமிலிச்சேரி. வண்டலூரில் இருந்து வரும் வெளிவட்டச் சாலை சி.டி.எச். ரோட்டைச் சந்திக்கிற இடம்.

2/
ஒரு முறை வந்து பாருங்கள். எங்கே திரும்பினாலும் கலர் கொடி நட்ட மனைப்பிரிவுகள். நடுநடுவே சீமைக்கருவேலம் மண்டிய காலி இடங்கள். "இது யாருதுங்க?" என்று டீக்கடையில் கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும். ஏரிப் புறம்போக்கு, கோயில் இடம், அந்தக் காலத்து மிராசு இடம், சேரிக்காரங்களுக்குக் கொடுத்த இடம்.

3/
இந்த நாலு பதிலுக்குப் பின்னாலும் 200 வருஷத்துக்கு மேலான சண்டை ஒன்று இருக்கிறது. எனக்கு அது தெரிய வந்தது ஓ.பி.யில்தான். சர்க்கரைப் புண்ணோட வந்த ஒரு பெரியவர். காப்பீட்டு அட்டைக்கு எந்தப் பேப்பர் வேணும்னு தெரியாம வீட்டில் இருந்த எல்லாத்தையும் மஞ்சப்பையில் போட்டுக் கொண்டு வந்துட்டார்.

4/
ரேஷன் கார்டு, ஸ்கேன், பழைய சீட்டு எல்லாம் எடுத்து வைத்தார். கடைசியா ஒரு பழுப்புத் தாள், மடிப்பு மடிப்பா கிழிஞ்சது. "சார், இதுல இங்கிலீஷ்ல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்றீங்களா? எங்க தாத்தாவுக்குக் கொடுத்தது" என்றார். அவர் பெயரும் ஊரும் வேண்டாம். அனுமதி கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

5/
அது ஒரு நில ஒப்படை ஆணை. ஓரத்தில் டி.சி. என்று இரண்டு எழுத்து, கீழே நிபந்தனைகள். டிப்ரஸ்டு கிளாஸ் என்பதன் சுருக்கம். ஆங்கிலேயர் காலத்தில் பட்டியல் சாதி மக்களை அரசு அப்படித்தான் குறிப்பிட்டது. பேச்சுவழக்கில் இதற்குப் பெயர் பஞ்சமி நிலம்.

6/
"அந்த நிலம் இப்போ எங்க இருக்கு ஐயா?"
"எங்கப்பா அக்கா கல்யாணத்துக்கு அடமானம் வெச்சாரு சார். இப்போ அங்க பிளாட் போட்டுட்டாங்க."
அன்றைக்கு ராத்திரி படிக்க ஆரம்பித்தேன். படித்ததைத்தான் சொல்லப் போகிறேன். கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

7/
முதல்ல இடம். திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997-ல்தான். அதுக்கு முன்னாடி நெமிலிச்சேரி, ஆவடி, பூந்தமல்லி எல்லாமே செங்கல்பட்டு மாவட்டம். அந்தச் செங்கல்பட்டுச் சீமையை ஆற்காடு நவாப் முகமது அலி 1763-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். தென்னிந்தியாவில் கம்பெனி கைக்குப் பெரிய அளவில் நிலம் வந்த முதல் இடங்களில் ஒன்று.

8/
நிலம் வந்தா வரி வசூலிக்கணும். வரி வசூலிக்கணும்னா நிலம் யாருடையதுன்னு தெரியணும். 1767-ல் இருந்து 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் ஏறக்குறைய 2,000 கிராமங்களைச் சர்வே செய்தார். அங்கேதான் கம்பெனிக்கு ஒரு புதிர் முளைத்தது.

9/
கிராமத்தில் உழுத நிலம் இருந்தது. உழாத தரிசும் நிறைய இருந்தது. உழுத நிலத்துக்கு ஆள் இருப்பது சரி. ஆனால் தரிசுக்கும், "எங்க ஊர் எல்லைக்குள்ள இருக்கிறது எல்லாமே எங்களுக்குச் சேர்ந்தது" என்று சொல்ல ஒரு கூட்டம் இருந்தது. இவர்கள்தான் காணியாட்சிக்காரர்கள். அரசு மொழியில் மிராசுதார்கள்.

10/
மிராசு என்பது அரபியில் இருந்து வந்த சொல். வாரிசுச் சொத்து என்று அர்த்தம். தமிழில் காணியாட்சி. தனி மனிதர் இன்ன நிலத்துக்குச் சொந்தக்காரர் என்பதல்ல இது. ஊரையே பங்கு போட்டு, இந்தக் குடும்பத்துக்கு ஒரு பங்கு, அந்தக் குடும்பத்துக்கு அரைப் பங்கு என்று வைத்திருப்பார்கள். பங்குக்கு ஏற்ப விளைச்சல் நிலமும் தரிசும், வெளியாள் வந்து உழுதால் கிடைக்கும் துண்டுவாரமும் சேரும்.

11/
1814-க்குப் பிறகு அரசுக்கு இதில் தலைவலி அதிகமாகி, மிராசு என்றால் என்ன என்று 17 கேள்விகள் கேட்டது. 1816-ல் விரிவாகப் பதில் எழுதியவர் அப்போதைய சென்னை கலெக்டர் எல்லிஸ். ஆமாம், திருக்குறளை மொழிபெயர்த்த அதே எல்லிஸ். 1818-ல் தண்ணீர்ப் பஞ்சத்தில் கிணறு வெட்டி, ராயப்பேட்டையில் கல்வெட்டு வைத்தவர்.

12/
காணியாட்சி பழமையானது, மதிக்கப்பட வேண்டியது என்பது எல்லிஸ் கட்சி. கேட்கும்போது நல்லாத்தானே இருக்கு? ஊர் நிலத்துக்கு ஊரே உரிமையாளர். இன்றைக்கு உலகம் முழுக்கப் பேசுகிற சமூக உரிமை.

ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. இங்கே ஊர் என்பது யார்?

13/
செங்கல்பட்டில் மிராசுதார்கள் பெரும்பாலும் வெள்ளாளர், பிராமணர். சில ஊர்களில் வேறு சாதியினரும் உண்டு. நிலத்தில் இறங்கி உழுத பெரும்பாலானவர்கள், குறிப்பாகப் பறையர் சமூகத்துப் படியாட்கள், அந்தப் பங்கில் வரவே இல்லை. ஊர் வேறு, சேரி வேறு. ஊர் நத்தம் தனி, பறைச்சேரி தனி. ராஜராஜ சோழனின் தஞ்சைக் கல்வெட்டுகளிலேயே வரி நீக்கிய இடங்களில் இவை தனித்தனியாக வருகின்றன.

14/
வரி நீக்கிய இடம் என்று சொன்னேன் இல்லையா? புறம்போக்கு என்ற சொல்லின் அர்த்தமும் அதுதான். வரிக் கணக்குக்குப் புறம்பாக ஒதுக்கிய நிலம். ஏரி, வாய்க்கால், மந்தைவெளி, மேய்க்கால், சுடுகாடு, களம். யாருக்கும் தனியாகச் சொந்தம் இல்லை, எல்லாருக்கும் தேவை. அதைத்தான் பிற்காலத்தில் வசைச்சொல்லாக மாத்திட்டோம்.

15/
சரி, 19-ம் நூற்றாண்டுக்கு வருவோம். ரயத்துவாரி வந்தாச்சு. அரசு நேரடியாக உழவரிடம் தீர்வை வாங்கும். தரிசு உழப்பட்டால் அரசுக்கு வருமானம் கூடும். அதனால் ஒரு முறை வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் தாசில்தாரிடம் மனு போட்டுத் தரிசைக் கேட்கலாம். இதற்குப் பெயர் தர்க்காஸ்து. பாரசீகச் சொல், விண்ணப்பம் என்று பொருள்.

16/
யார் வேண்டுமானாலும் என்பது காகிதத்தில். செங்கல்பட்டில் ஒரு கொக்கி இருந்தது. வெளியாளோ படியாளோ ஒரு தரிசைக் கேட்டால், முதலில் அந்த ஊர் மிராசுதார்களைக் கேட்க வேண்டும். "எங்களுக்கே வேணும்" என்று அவர்கள் சொன்னால் நிலம் அவர்களுக்கு. முதல் உரிமை அவர்களுடையது.

17/
இதுல இன்னொரு நுட்பம். ரயத்துவாரியில் வேண்டாத நிலத்தை ராஜினாமா கொடுத்து அரசிடமே திருப்பி விட்டுவிடலாம். (வேலையை விடுவதற்கு நாம் இன்று சொல்லும் அதே ராஜினாமா!) ஆக, படியாள் கேட்ட நிலத்தை மிராசுதார் தன் பேருக்கு எடுக்கலாம், கொஞ்ச நாள் தீர்வை கட்டலாம், அப்புறம் விட்டுவிடலாம். நிலம் மறுபடி தரிசு. கேட்டவர் கதி அவ்வளவுதான்.

18/
உழாத நிலத்தை ஏன் இப்படிப் பிடித்து வைக்கணும்? படியாளுக்கு இரண்டு ஏக்கர் சொந்தமா கிடைச்சா, நாளைக்குக் காலையில் மிராசுதார் வயலில் யார் இறங்குவாங்க? நிலம் காலியா கிடந்தால்தான் கூலிக்கு ஆள் கிடைப்பாங்க. அந்தத் தரிசு சும்மா கிடந்த மாதிரி தெரிந்தாலும், அது செய்த வேலை இதுதான்.

19/
"அடிமை முறையைத்தான் ஒழிச்சுட்டாங்களே" என்று கேட்பீர்கள். 1843-ல் ஐந்தாவது சட்டம் வந்தது உண்மை. அடிமைத்தனத்தை அதற்குப் பிறகு கோர்ட் அங்கீகரிக்காது. ஆனால் ஆளைக் கட்டிப்போட இரண்டு கயிறு மிச்சம் இருந்தன. ஒன்று, கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய சின்னத் தொகைக் கடன். இரண்டாவது, குடியிருக்கும் மனை.

20/
சேரி இருந்த இடத்தையும் மிராசுதார்கள் தங்கள் சொத்து என்றே சொன்னார்கள். வேறு ஆளிடம் வேலைக்குப் போனால், தர்க்காஸ்து மனு போட்டால், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பினால், "மனையைக் காலி பண்ணு" என்று சொன்னால் போதும். குடிசைக்கு மேல் இருக்கும் ஓலை அவனுடையது, கீழே இருக்கும் மண் அவனுடையதல்ல.

21/
நடுவில் 1876-78 பெரும் பஞ்சம். டாக்டரா ஒரு விஷயம் சொல்லாமல் போக முடியலை. நிவாரண வேலை செய்பவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது 450 கிராம், அதோட கொஞ்சம் காசு போதும் என்றார் ரிச்சர்டு டெம்பிள். "இதுல மனுஷன் உயிர் வாழ முடியாது" என்று சண்டை போட்டவர் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ்.

22/
பஞ்சத்தில் முதலில் செத்தது நிலம் இல்லாதவர்கள். கையில் அரை ஏக்கர் இருப்பவனுக்குக் கடனாவது கிடைக்கும். ஒன்றுமில்லாதவன் கப்பல் ஏறணும், இல்லை முகாமில் சாகணும். வயிற்றுக்கும் பட்டாவுக்கும் உள்ள தொடர்பை எங்கள் பாடப் புத்தகத்தில் யாரும் சொல்லித் தரவில்லை.

23/
இப்போ கதையின் முக்கியமான ஆள். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர். 1891-ல் அவர் அரசுக்கு ஒரு அறிக்கை எழுதினார். செங்கல்பட்டுப் பறையர்களைப் பற்றிய குறிப்பு என்பது அதன் தலைப்பு. வீடு, உணவு, கடன், கூலி, மனை, கிணறு, பள்ளி என்று வரிசையாக எடுத்து எழுதியிருக்கிறார்.

24/
சாராம்சம் இதுதான்: இவர்கள் ஏழைகளாக இருப்பது சோம்பலால் அல்ல, நிலம் கேட்க முடியாததால். சட்டப்படி தடை இல்லை, ஆனால் மிராசு முன்னுரிமை தடுக்கிறது. அதை மீறிக் கேட்டால் மனை போகும், வேலை போகும். எனவே தரிசை இவர்களுக்கென ஒதுக்குங்கள், குடியிருக்கும் மனையைப் பாதுகாத்துக் கொடுங்கள்.

25/
இவர் தனியாளாகச் சொல்லவில்லை. சேரி மக்கள் தாங்களாகவே மனு மேல் மனுவாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எழுத உதவியவர்களில் பாதிரியார்களும் உண்டு. நம்ம திருவள்ளூரில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி. செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து சபையைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் இருக்கும் மெல்ரோசாபுரம் ஆண்ட்ரூ உருவாக்கிய குடியிருப்புதான்.

26/
அதே காலத்தில் அதே மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் 'பறையன்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். எதைச் சொல்லி மட்டம் தட்டினார்களோ அதையே தலைப்பாக வைத்து. அதுல அரசிடம் கேட்ட உரிமைகள் பட்டியல் பட்டியலா வந்தன.

27/
திரமென்ஹீர் அறிக்கைக்கு வருவாய் வாரியத்தில் நல்ல வரவேற்பு இல்லை. மிராசுதார்களைப் பகைத்துக்கொள்ள அரசுக்குப் பயம். அவர் கேட்டதில் பலவற்றைத் தள்ளிவிட்டு, சிலவற்றை ஏற்று, 1892 செப்டம்பர் 30-ம் தேதி ஓர் ஆணை வந்தது. வருவாய்த் துறை அரசாணை எண் 1010. பஞ்சமி நிலம் பற்றி யார் பேசினாலும் இந்த எண்ணில்தான் தொடங்குவார்கள்.

28/
அதில் இருந்து படிப்படியாக மாகாணம் முழுக்கத் தரிசு நிலங்கள் ஒப்படைக்கப்பட்டன. மொத்தம் 12 லட்சம் ஏக்கர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ஒப்படைக்கும் நிபந்தனைகள் பிற்பாடு வருவாய் வாரிய நிலையாணைகளில் எழுதி வைக்கப்பட்டன. பெரியவர் தாளில் இருந்தது அந்த நிபந்தனைகள்தான்.

29/
எளிமையாகச் சொன்னால்:
ஒப்படை பெற்ற முதல் 10 வருஷம் விற்கவோ அடமானம் வைக்கவோ தானம் கொடுக்கவோ கூடாது.
அதற்குப் பிறகும் அதே பட்டியல் வகுப்பினருக்குத்தான் கைமாற்றலாம்.
மீறினால் கைமாற்றம் செல்லாது. அரசு நஷ்டஈடு இல்லாமல் நிலத்தைத் திரும்ப எடுக்கலாம்.

30/
ஏன் இவ்வளவு கெடுபிடி? கொடுத்த நிலம் கடனுக்கு மறுபடி பழைய கைக்கே போய்விடும் என்று அப்போதே தெரிந்திருந்தது. அவங்க பயந்த மாதிரியே ஆச்சு. மழை பொய்த்த ஒரு வருஷம், ஒரு கல்யாணம், ஒரு ஆஸ்பத்திரிச் செலவு. வெள்ளைத்தாளில் கைநாட்டு. அதன் பிறகு நிலம் இவர் பெயரில், விளைச்சல் வேறு ஒருவர் வீட்டில்.

31/
1905-ல் இன்னொரு சட்டம். நில ஆக்கிரமிப்புச் சட்டம். தனியாருக்கு என்று நிரூபிக்கப்படாத சாலை, ஆறு, ஏரி, புறம்போக்கு எல்லாம் அரசுக்குச் சொந்தம் என்று அறிவித்தது. இன்றும் புறம்போக்கில் குடியிருப்பவருக்கு வரும் பி மெமோ இந்தச் சட்டத்தின் பிள்ளைதான். ஊர்ப் பொது என்று இருந்தது இத்தோட சர்க்கார் பொதுவாக மாறிவிட்டது.

32/
குடியிருக்கும் மனைக்கு உத்தரவாதம் எப்போ வந்தது தெரியுமா? வெளியேற்றத் தடைச் சட்டம் 1961. குடியிருப்பை அந்த உழைப்பாளிக்கே சொந்தமாக்கும் சட்டம் 1971. திரமென்ஹீர் எழுதியது 1891-ல். சரியா 80 வருஷம். மூணு தலைமுறை, தான் படுத்த மண்ணில் இருந்து எந்த நேரமும் எழுப்பப்படலாம் என்ற பயத்தோடு வாழ்ந்திருக்கிறது.

33/
1980-களில் யு.டி.ஆர். என்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. பழைய பதிவேடுகளைப் புதுசாக எழுதும் வேலை. அதில் ஏகப்பட்ட தவறுகள் ஏறின என்பது பட்டா மாற்றத்துக்கு அலைந்த எல்லாருக்கும் தெரியும். பல இடங்களில் டி.சி. என்ற அந்த இரண்டு எழுத்து புதுப் பதிவேட்டில் ஏறவே இல்லை. நிலம் அங்கேயே இருக்கு, அடையாளம் மட்டும் போயிடுச்சு.

34/
1994-ல் செங்கல்பட்டு பக்கம் காரணை கிராமத்து மக்கள் தங்கள் பஞ்சமி நிலத்தைத் திரும்பக் கேட்டார்கள். நிலத்தில் இறங்கினார்கள், அம்பேத்கர் சிலையை வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டது. அக்டோபர் 10-ம் தேதி செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூடு. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள்.

35/
அவர்கள் புதுசாக எதையும் கேட்கவில்லை. அரசு நூறு வருஷத்துக்கு முன் எழுதிக்கொடுத்ததை அரசே மதிக்கணும் என்று கேட்டார்கள். பஞ்சமி நில மீட்பு என்ற பேச்சு தமிழ்நாடு முழுக்கப் பரவியது அதற்குப் பிறகுதான். பட்டியல் வகுப்பினர் அல்லாதவருக்கு இந்த நிலம் கைமாறினால் செல்லாது என்பதைச் சென்னை உயர் நீதிமன்றமும் உறுதி செய்திருக்கிறது.

36/
கொஞ்சம் வெளியே போய்ட்டு வருவோம். மெல்ரோசாபுரம் ஆண்ட்ரூவின் ஊரான ஸ்காட்லாந்து. அங்கேயும் பெரும் நிலக்கிழார்கள் ஆடு மேய்க்க இடம் வேண்டும் என்று சிறு உழவர்களைக் கிராமம் கிராமமாக விரட்டினார்கள். போராட்டத்துக்குப் பிறகு 1886-ல், குத்தகை நிலத்தில் இருந்து விரட்ட முடியாது என்று சட்டம் வந்தது. நம்ம திரமென்ஹீர் அறிக்கைக்கு ஐந்து வருஷம் முன்னாடி.

37/
1997-ல் எய்க் என்ற குட்டித் தீவின் மக்கள் வசூல் செய்து, உள்ளாட்சியையும் ஒரு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பையும் சேர்த்துக்கொண்டு, 15 லட்சம் பவுண்டுக்குத் தங்கள் தீவையே விலைக்கு வாங்கினார்கள். 2003-ல் சட்டமே வந்தது. நிலம் விற்பனைக்கு வந்தால், முன்பே பதிவு செய்த உள்ளூர்ச் சமூகத்துக்கு வாங்கும் முதல் வாய்ப்பு.

38/
2015-ல் இன்னொரு படி. நகரங்களுக்கும் இந்த உரிமை. கைவிடப்பட்டு, கவனிப்பாரற்று, ஊருக்குக் கேடாகக் கிடக்கும் இடம் என்றால், உரிமையாளர் விற்க விரும்பாவிட்டாலும் அரசு அனுமதியோடு சமூகம் வாங்கலாம். அந்தச் சமூக அமைப்பில் அந்த வட்டாரத்தில் குடியிருக்கும் யாரும் உறுப்பினராகலாம், இவர் பரம்பரை, அவர் வந்தேறி என்று பிரிக்க முடியாது.

39/
இங்கேதான் மிராசையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும். இரண்டுமே காலி நிலத்தின் மேல் உள்ளூருக்கு முதல் உரிமை. மிராசில் உள்ளூர் என்றால் பங்குதாரர் குடும்பங்கள் மட்டும். அந்த உரிமை கேட்கிறவரைத் தடுக்கப் பயன்பட்டது. அங்கே உள்ளூர் என்றால் குடியிருப்பவர் எல்லாரும். "சமூகத்துக்கு நிலம் கொடுங்க" என்று யாராவது சொன்னால், உறுப்பினர் பட்டியலைக் காட்டுங்க என்று கேளுங்கள். சேரியும் அதில் இருக்கிறதா?

40/
நம்ம ஊரில் இன்றைக்கு என்ன நிலை? 1962-ல் இருந்து சென்னையைச் சுற்றி பெல்ட் ஏரியா என்ற ஒரு தடை. நகரம் வளர இடம் வேண்டும் என்று, சுற்றுவட்டாரத்தில் புறம்போக்குக்குப் பட்டா கொடுப்பதை நிறுத்தி வைத்தார்கள். அதனால் இந்தப் பக்கமெல்லாம் முப்பது நாற்பது வருஷம் குடியிருந்தும், கரண்ட் பில் கட்டியும், பட்டா இல்லாத குடும்பங்கள் ஏராளம்.

41/
2025 பிப்ரவரியில் தமிழக அமைச்சரவை இதைத் தளர்த்த முடிவு செய்தது. ஆட்சேபனையற்ற புறம்போக்கில் நெடுநாளாகக் குடியிருக்கும் சுமார் 86,000 பேருக்குப் பட்டா. சென்னையைச் சுற்றியுள்ள மாவட்டங்களும் இதில் அடக்கம். ஏரி, வாய்க்கால் போன்ற நீர்நிலைகளுக்கு இது பொருந்தாது. அது சரியானதும்கூட. 2015 வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

42/
இப்போ உங்களுக்கு இரண்டு வேண்டுகோள்.

முதலாவது, இந்தப் பக்கம் மனை வாங்கப் போகிறவர்களுக்கு. "வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், கிளீன்" என்று நிறுத்திக்கொள்ளாதீர்கள். டி.சி. நிபந்தனை பத்திரப் பதிவில் இருக்காது, வருவாய்ப் பதிவேட்டில் இருக்கும். யு.டி.ஆருக்கு முந்தைய அ பதிவேடு, எஸ்.எல்.ஆர். நகல்களை வாங்கி வக்கீலிடம் காட்டுங்கள். ஆயுள் சேமிப்பை அதில் போடப் போகிறீர்கள்.

43/
இரண்டாவது, வீட்டுப் பரணில் பழைய ஒப்படைத் தாள் வைத்திருப்பவர்களுக்கு. அதைத் தூக்கிப் போடாதீர்கள். லேமினேட் பண்ணாதீர்கள், எழுத்து போயிடும். முதலில் போட்டோ எடுங்கள். சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு தாலுகா ஆபீசில் பழைய பதிவேட்டு நகல் கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள்.

44/
திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு கட்டாயம் வாங்குங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு வக்கீல் இலவசம். வருமான வரம்பு கிடையாது. 1987-ம் வருஷச் சட்டத்திலேயே இது இருக்கிறது. நிறையப் பேருக்குத் தெரியாது.

45/
பெரியவர் கதை என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. புண் ஆறிடுச்சு. விரலை எடுக்க வேண்டி வரவில்லை. நிலம் இன்னும் வரவில்லை. மனு போட்டிருக்கார், பழைய பதிவேட்டு நகல் கிடைத்திருக்கிறது. அதில் அவர் தாத்தா பெயர் இருக்கிறது, பக்கத்தில் அந்த இரண்டு எழுத்தும் இருக்கிறது.

46/
போன முறை செக்கப்புக்கு வந்தப்போ அந்த நகலை எடுத்துக் காட்டினார். "கிடைக்குமா கிடைக்காதான்னு தெரியல சார். ஆனா எங்க தாத்தா பொய் சொல்லல, அது போதும். என் பேரனுக்குக் காட்டினேன்" என்றார். பேரன் திருவள்ளூரில் காலேஜ் படிக்கிறானாம். அடுத்த மனுவை அவனே எழுதப் போறானாம்.

47/
உங்க ஊர்ல இப்படிக் கிடக்கும் காலி இடத்துக்கு என்ன கதை சொல்றாங்கன்னு கீழே எழுதுங்க. வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் இன்றைக்கே கேட்டு வையுங்கள். நாளைக்கு டியூட்டி, பதில் சொல்லக் கொஞ்சம் லேட் ஆகும். சர்க்கரை இருக்கிறவங்க ராத்திரி படுக்கும் முன்னாடி பாதத்தை ஒரு தடவை பார்த்துட்டுப் படுங்க.